கதவைத் திறக்கச் சொல்லிக் கத்திய மதினிக்கு

என்னைவிடச் சத்தமாகச் சிரிக்கிற என் மதினிக்கு,

அண்ணன் வாய் திறந்துவிட்டார். இதைத்தான் உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும். எங்கே தெரியுமா? நீங்கள் திரையோடு சண்டை போட்ட அதே சினிமாக் கொட்டகையில், அதே ஜப்பான் படத்தில். எது சொன்னாலும் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிக்கும். அப்படியே சொல்கிறேன்.

நாம் போனது ஞாபகம் இருக்கிறதா? தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளெல்லாம் சாத்திக் கிடந்தன. கம்பெனியில் நம் ரூமில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் நாரணாபுரத்திலிருந்து சிவகாசிக்கு மேட்னி ஷோ பார்க்கக் கிளம்பினோம். போஸ்டரில் கடலுக்குள்ளிருந்து மலைபோல ஒரு மிருகம் எழுந்து நின்றது. அதன் காலடியில் ரயில் ஒன்று மரவட்டை மாதிரிச் சுருண்டு கிடந்தது. பக்கத்துக் கொட்டகையில் சாமி படம், அதற்குப் போவோம் என்றேன். "சாமிய கோயில்ல போயிப் பாத்துக்கிடலாம். இதை எங்கன போயிப் பாக்க?" என்று நீங்கள்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள்.

தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஜப்பான் பட்டாளத்து அதிகாரி "ஏலே, ஓடுங்கலே" என்றதும் கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. மிருகம் வாயைத் திறந்து நீல நெருப்பைக் கக்கியது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். நம் ஊரில் ஒருத்தர் எழுந்து நின்று, "நீலம் இம்புட்டுச் சுத்தமா எவன்லே எடுத்தான்? எந்தக் கம்பெனி?" என்று கத்தினார். கட்டிடம் வெடித்தால் சத்தம் போதாது என்றார்கள். பாலம் வெடித்தால் புகை அதிகம் என்றார்கள். நீங்கள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தீர்கள்.

தீயணைப்பு வண்டியின் சங்கு ஊதியபோது மட்டும் சிரிப்பு நின்றுபோனது. பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் திரையை விட்டுவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் கட்டம் வந்தது. கப்பல் கட்டுகிற தொழிற்சாலை. மிருகம் வருகிறது. வேலையாட்கள் பின்வாசலுக்கு ஓடுகிறார்கள். இரும்புக் கதவு பூட்டிக் கிடக்கிறது. காவல்காரர் சட்டைப் பையைத் தடவிவிட்டு, "சாவி மொதலாளிகிட்ட இருக்குப்பா" என்கிறார். அதற்கும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து நாற்காலி மேலேயே ஏறிவிட்டீர்கள்.

"கதவத் தொறங்கலே! உள்ள ஆளு இருக்குல்ல, தொறங்கலே!"

நான் உங்கள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் பெண்கள் பக்கம் முழுக்கக் கத்த ஆரம்பித்தது. ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. மிருகம் வாலைச் சுழற்றிக் கதவை நொறுக்கியதும் அடித்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன்பிறகு கடைசிவரைக்கும் கொட்டகையே மிருகத்தின் கட்சிதான். பட்டாளம் அதைச் சுட்டபோது பட்டாளத்தைத் திட்டினார்கள்.

"படந்தான மதினி? எனக்கு வெக்கமாப் போச்சு" என்று பஸ்ஸில் சொன்னேன்.

"படத்துல பூட்டுனா படம். நம்ம ரூமு பின்கதவ நீ என்னைக்காச்சும் தள்ளிப் பாத்திருக்கியா புள்ள?"

நான் பார்த்ததில்லை. பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற அந்தச் சின்ன ரூமில் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. பின்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. குடோன் நிறைந்துவிட்டால் அட்டைப்பெட்டிகளை வெளியே அந்தக் கதவை ஒட்டித்தான் ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள். அடுக்குகிற லோடுமேன்களில் அண்ணனும் ஒருவர்.

கம்பெனி திறந்ததும் பெட்டியை எடுக்கச் சொல்லிப் போர்மேனிடம் போய் நின்றீர்கள். "சினிமாவுல கத்துனது பத்தாதா பேச்சியம்மா? பாப்போம், பாப்போம்" என்று சிரித்தார். அடுத்த சீசன் வந்ததும் மறுபடி கேட்டீர்கள். அதற்கும் அதே பதில். வீட்டில் அண்ணனிடம் சொன்னீர்கள்: "நீங்களாச்சும் அங்கன அடுக்காதீக." அண்ணன் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நான் அங்கேதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "நான் என்ன செய்ய? அவரு காட்டுற இடத்துலதான் எறக்கணும். இந்த லோடு போகட்டும், நானே எடுத்திருதேன்."

அந்த லோடு போகவில்லை. தீ நமக்கு நடுவில் பிடித்தது. நாங்கள் முன்கதவு வழியாக ஓடினோம். நீங்கள் பின்கதவுக்கு ஓடினீர்கள். கதவு ஒரு சாண்தான் நகர்ந்ததாம். இதற்கு மேல் எழுத மாட்டேன் மதினி.

அன்றிலிருந்து அண்ணன் பேசவில்லை. வேலைக்குப் போவார், வருவார், போட்டதைச் சாப்பிடுவார். கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? ரூமைப் பூசி வெள்ளையடித்துத் திறந்தார்கள். சீசன் வந்ததும் அதே இடத்தில் பெட்டி ஏறியது. அண்ணனே ஏற்றினார். எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். நானும் அதே ரூமில்தானே போய் உட்கார்ந்தேன், எனக்கு எப்படி முடிந்தது? அடுப்பு எரிய வேண்டுமே.

போன தீபாவளி கழிந்து அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டரைப் பார்த்த அண்ணன் நின்றுவிட்டார்.

"அவ பாத்த படமா?"

அவர் குரலை மறந்தே போயிருந்தேன். ஆமாம் என்றேன். "போவோம்" என்றார்.

நம் ரூம் பெண்களையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் ஆண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தார். நீல நெருப்புக்கு விசில், பாலம் வெடித்ததற்குக் கைதட்டல், எல்லாம் அதே மாதிரிதான். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவல்காரர் சட்டைப் பையைத் தடவினார். கொட்டகை சிரித்தது. அண்ணன் எழுந்தார்.

"பெட்டிய எடுங்கலே! கதவுக்கு முன்னால பெட்டி கெடக்கு, எடுங்கலே!"

படத்தில் பெட்டியே கிடையாது மதினி. அதனால் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மிருகம் கதவை நொறுக்கி, ஆட்களெல்லாம் வெளியே ஓடி, அடுத்த கட்டமும் வந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. "எடுங்கலே, எடுங்கலே" என்று முன்னிருக்கையைப் பிடித்து உலுக்கினார். நாரணாபுரத்து ஆள் யாரோ பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டும். வரிசை வரிசையாகச் சிரிப்பு அடங்கியது. ஆபரேட்டர் படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார்.

அத்தனை பேர் முகத்துக்கும் முன்னால் நின்று அண்ணன் சொன்னார்: "நாந்தான் அடுக்குனேன்."

 நம் ரூம் ராமலட்சுமி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "அடுக்கச் சொன்னது யாருண்ணே? அதையும் சேத்துச் சொல்லுங்க."

"போர்மேன் சொன்னாரு. நான் மாட்டேன்னு சொல்லல."

யாரோ அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். படம் மறுபடி ஓடியது. அதற்குப்பிறகு ஒரு விசில்கூட இல்லை. அண்ணன் கடைசிவரை பார்த்தார். வெளியே வந்ததும் டீக்கடை ஓரமாக நாங்கள் பெண்கள் நின்று பேசினோம். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. எல்லார் மனதிலும் ஒன்றுதான் இருந்தது.

கம்பெனி திறந்த அன்று தூக்குவாளியோடு வெயிலில் நின்றோம். ரூமுக்குள் போகவில்லை. மிஞ்சிய காலிப் பெட்டிகள் அப்போதும் அந்தக் கதவை ஒட்டித்தான் கிடந்தன.

"என்னம்மா, எல்லாரும் வெயில் காயுதீகளா?" என்றார் போர்மேன்.

"பின்கதவு தொறந்தா உள்ள வாரோம்" என்றாள் ராமலட்சுமி.

அவர் பதில் சொல்வதற்குள் அண்ணன் போய்ப் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். தனியாகத்தான் தூக்கினார்.

"யாரைக் கேட்டு எடுக்க? நாளையிலருந்து நீ வர வேண்டாம்."

"சரி. இன்னைக்கு இதை எடுத்துட்டுப் போறேன்."

மற்ற லோடுமேன்கள் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர் துண்டைத் தலையில் கட்டினார். அப்புறம் எல்லாருமே கை கொடுத்தார்கள். இடம் காலியானதும் நான் போர்மேனிடம் சொன்னேன்: "உள்ள போயி நீங்களே தள்ளிக் காட்டுங்க." என் வாயிலிருந்துதான் வந்தது, நம்புங்கள். அவர் முறைத்தார். ஆனால் தள்ளினார். வெளிச்சம் சுவர் முழுக்க விழுந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தோம்.

இப்போது அந்தக் கதவுப் பக்கம் நான்தான் உட்காருகிறேன். காலையில் முதலில் வருகிறவள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொடுவாள். இந்த சீசனில் ஒருநாள் மறுபடி பெட்டி வந்து இறங்கியது. எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிட்டோம். ஆர்டர் நின்றுபோகும் என்று பயந்து பெட்டி அடுக்க மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். இத்தனை வருடமாக முடியாது என்றது ஒரே நாளில் முடிந்தது மதினி. 

அண்ணனை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லியும் கேட்டோம். அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். "அங்கன இனிமே என்னால தூக்க முடியாது." இப்போது விருதுநகரில் பாய் ஒருவரின் கொத்தமல்லிக் குடோனில் மூட்டை இறக்குகிறார். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று பாய் கேட்டாராம். இவர் எதையும் மறைக்கவில்லை. பாய், "இங்கனயும் நடைய மறிச்சு மூட்டை போடாதீக. நான் சொன்னாலும் போடாதீக" என்றாராம்.

கடைசியாக ஒரு சேதி. உங்கள் ஊர் தாயில்பட்டியிலிருந்து உங்கள் தங்கச்சி ஆள் அனுப்பியிருக்கிறாள். அவள் வேலை பார்க்கிற கம்பெனியிலும் இதே கதைதானாம். நாங்கள் வந்து பேச வேண்டுமாம். பெண்களிடம் நான் பேசிவிடுவேன். லோடுமேன்கள் நான் சொல்லிக் கேட்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வாரேன்" என்றார் அண்ணன். "அவுககிட்ட நான் சொல்லுதேன். அதுக்கு முன்னால அத்தைகிட்ட சொல்லணும்."

உங்கள் அம்மா முகத்தை அவர் அன்றிலிருந்து இதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. உங்கள் காரியம் முடிந்து அத்தையை ஊரில் கொண்டுபோய் விட்டபோதுகூடத் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். அவர் அடுக்கிய பெட்டி என்று அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அத்தை திட்டினால் கேட்டுக்கொள்வோம். அடித்தால் வாங்கிக்கொள்வோம். வீட்டுக்குள் விடவில்லை என்றால் தெருவில் நின்று பேசுவோம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்காமல் உங்கள் ஊரைவிட்டுத் திரும்பி பஸ் ஏற மாட்டோம். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் நாத்தனார்,
முத்துச்செல்வி
நாரணாபுரம்