கிராப்புச் சேவலுக்கு மூணாவது ஆள்

டிசம்பர் 1, ஞாயிறு

மன்சூரின் கிளிமூக்குச் சேவலுக்குக் கண்காட்சியில் முதல் பரிசு. மன்சூர் என் மனைவியின் தம்பி. மைதீன் பீவி காலையிலிருந்து அந்த வீடியோவையே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். முன்னால் சேவல் வாலை இழுத்துக்கொண்டு நடக்கிறது, பின்னால் மன்சூர் தொப்பையை இழுத்துக்கொண்டு நடக்கிறான்.

"எந்தம்பி நடையப் பாருங்க!"

பதினாறு வருசமாகக் கடை வைத்துப் பை தைக்கிறேன். அதை ஒருத்தராவது வீடியோ எடுத்ததுண்டா?

மகள் நுஸைபா வேறு கேட்கிறாள்: "மாமா கோழிக்குக் கப்பு. நம்ம கோழிக்கு வெறும் முட்டைதானா அத்தா?"

டிசம்பர் 4, புதன்

நானும் கிளிமூக்கு வாங்கினால் மன்சூருக்குப் பின்னால்தான் நிற்பேன். யாருமே வைக்காத ரகம் வேண்டும். போட்டிக்கு ஆளே இல்லை என்றால் நான்தானே முதல்? ஒன்பதாவது ஃபெயிலான மூளைக்கு இது பெரிய யோசனை.

திருமங்கலத்தில் கோழி வளர்க்கிற சிவபாண்டியிடம் இரண்டு கிராப்புச் சேவல் வாங்கிவந்தேன். கழுத்தில் இறகு இல்லாத ஜாதி. ஒன்றுக்குக் கழுத்து மிளகாய்ப்பழம் மாதிரி செக்கச்செவேல். மற்றதற்கு முன்கழுத்தில் மட்டும் அரைகுறைத் தாடி.

மைதீன் பீவி: "பாதி உரிச்சுக் குடுத்துட்டானா?"

டிசம்பர் 8, ஞாயிறு

கண்காட்சி நடத்துகிற அருள்பாண்டியைப் பார்த்தேன். "கிராப்பெல்லாம் நம்ம கணக்குல ரகமே இல்லண்ணே. சும்மா கொண்டாந்து நிப்பாட்டலாம், பரிசு கெடையாது. வேற வேற ஆளுக மூணு பேரு கொண்டாந்தா தனிப் பிரிவு தொறக்கலாம்."

நான் ஒன்று. சிவபாண்டி ஒன்று. மூணாவது? கேட்ட இடமெல்லாம் சீக்குக் கோழி என்று சிரிக்கிறார்கள். சேவல் என்றால் மறுக்காதவன் ஒருத்தன்தான் இருக்கிறான். அவன்கிட்டயா? நானா?

டிசம்பர் 11, புதன்

போனேன். தாடிக்காரச் சேவலைக் கொண்டுபோனேன். நல்லதைக் கொடுக்க நான் என்ன லூசா? பிரிவு திறக்க மன்சூர் வேண்டும், ஜெயிக்க வேண்டாம்.

"எனக்கு ஒரு ஆள் கொறையுது, கண்காட்சிக்குக் கொண்டா" என்று சொல்லத்தான் நினைத்தேன். அவனிடம் போய்க் கெஞ்சுவதா? வாய் வரவில்லை. "வச்சுக்க மாப்ள" என்றேன். "எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்று வாங்கிக்கொண்டான். சேவல்காரன்தானே, புரியாதா?

டிசம்பர் 12, வியாழன்

மன்சூர் வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. அவன் மேல் எம்புட்டு எரிச்சல் இருந்தாலும் அந்த வீட்டுக் குழம்பைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

திருப்பரங்குன்றத்தில் அடுத்த கண்காட்சி. நானும் சிவபாண்டியும் ஆளுக்கொரு கிராப்போடு நின்றோம். மன்சூர் கிளிமூக்கோடு மட்டும் வந்து இறங்கினான்.

"நான் குடுத்த சேவல் எங்க மாப்ள?"

"அத அன்னைக்கே கொழம்பு வச்சாச்சே மச்சான். அக்காவுக்கும் குடுத்துவிட்டேனே, நீங்க சாப்புடல?"

அருள்பாண்டி கையை விரித்துவிட்டான். அப்புறம்தான் மன்சூரிடம் விஷயத்தைக் கக்கினேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மச்சான் மாப்ளைக்குச் சேவல் குடுத்தா அது எதுக்கு, கறிக்குத்தானே? அதுவும் அந்தத் தாடிப்பயல! நல்லதா குடுத்திருந்தா கத்தி வச்சிருப்பேனா?"

திரும்பி வரும்போது நுஸைபா கேட்டாள்: "நம்ம சேவல மைக்ல சொல்லவே இல்லயே அத்தா?"

ஜனவரி 6, திங்கள்

கடை திறக்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

செங்கழுத்தனைத் தூக்கிக்கொண்டு பசுமலைக்கு, மன்சூர் வீட்டுக்குப் போனேன்.

"இது கறிக்கில்ல மாப்ள. சித்திரைக் கண்காட்சிக்கு. நீ இல்லாட்டி பிரிவு தொறக்க மாட்டாக."

அவன் சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் விரிந்ததை நானும் பார்த்தேன். வயிறு எரிந்தது.

"இம்புட்டு நல்லத எங்கிட்ட விட்டா நாந்தான மச்சான் ஜெயிப்பேன்? ஒங்களுக்கு?"

"சிவபாண்டிகிட்ட இன்னொரு கிராப்பு, ஒரு வத்தப்பய இருக்கான். அத வாங்கி நிப்பாட்டிக்கிறேன், எனக்கு அது போதும். ரெண்டாவதுன்னாலும் மைக்ல சொல்லுவாகல்ல?"