அம்மாவுக்குக் கிண்டுன களி

மதிண்ணா, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் டெஸ்டுக்காக ஒரு நாள் முழுக்க அம்மா மூத்திரத்தப் புடிச்சு வெச்ச அந்தக் கேன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிடாத, மொதல்ல இதப் படி. அம்மா ராகிக்களி சாப்புட்டுருச்சு. நான்தான் கிண்டிக் குடுத்தேன்.

டெஸ்ட் முடியற வரைக்கும் ராகி, பாலு, கீரை எதுவும் கூடாதுன்னு நர்சம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சுண்ணா. ஆனா வெறுஞ்சோத்தப் பாத்தாவே அம்மா மூஞ்சத் திருப்பிக்குது. "எலும்புல சத்து இல்லங்கறாங்க, சத்து இருக்கறதத் திங்காதங்கறாங்க, கிறுக்காடி அவங்களுக்கு?"ன்னு சிரிச்சுது. இடுப்புவலி வந்ததுல இருந்து அம்மா சிரிச்சு நான் பாக்கல. அதான் கிண்டிட்டேன்.

களி தின்னப்புறம் அம்மா போன மூத்திரத்தையும் கேன்லயே ஊத்திட்டேன். ஊத்துனப்புறந்தான் பயம் வந்துச்சு.

உனக்குச் சோறும் கொழம்பும் மூடி வெச்சிருக்கேன். போன ஞாயித்துக்கெழம கத்துன மாதிரி கத்தாத, அம்மா இப்பதான் தூங்குது. நான் முழிச்சுதான் படுத்திருப்பேன், வெளிய கூப்புட்டுத் திட்டு.

மறுபடி மொதல்ல இருந்து புடிக்கச் சொன்னா, ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு நானே பாத்துக்கறேன்.

இன்னொன்னு. எலும்புல இருந்து எவ்ளோ கால்சியம் கரையுதுன்னு மூத்திரத்துல பாப்போம்னு டாக்டர் சொன்னாருல்ல? இப்ப கேன்ல இருக்கறது களியோடதா, அம்மா எலும்போடதான்னு அவருக்கு எப்பிடிண்ணா தெரியும்?

— தேனு