கண்ணில் ஊற்றிய தாய்ப்பால்

றுக்கியா ராத்தாவுக்கு உங்கள் தங்கச்சியின் ஸலாம். முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம், யோசிக்க வேண்டாம்.

நான் சமைக்கும் வீட்டு முதலாளி மௌத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்தது. திடீரென்று மண்டை பிளக்கும் வலியும், தின்றதெல்லாம் வெளியே வரும் சத்தியும் வந்து, "கண்ணுக்குள்ள சிவப்புச் சீலை தொங்குது ஆமினா" என்றார். அவருடைய மருமகன் ஸஹாப்தீன், துறைமுகக் கிளாக்கர், பெரிய மேதை. கண்நோவு என்று தாய்ப்பால் ஊற்றச் சொன்னான்.

"கண் வெளியில வெள்ளையாத்தானே இருக்கு தம்பி, தலைக்குள்ளதான் பிழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றேன்.

"நீ குசினியைப் பாரு கிழவி."

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "உள்ளுக்கு ரத்தம். மூளையில கசிஞ்சதின்ட அடையாளம். வலி வந்த அண்டைக்கே கொண்டுவந்திருக்க வேணும்" என்றார்.

இப்போது கண்ணூறு பட்டதென்று அந்த மேதை ஊரெல்லாம் கதைக்கிறான். நாற்பதாம் நாள் கத்தச் சாப்பாட்டை நான்தான் சமைக்க வேணுமாம். சமைப்பேன், மறக்கமாட்டேன்.

அடுத்த லோஞ்சுப் படகில் என் பழைய போர்வையை அனுப்புங்கள். இந்த வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் முதலாளி ஒருவர்தான். உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன்.

ஆமினா