தாளிக்காத குழம்பு

சேரப்பணஞ்சேரி
14.9.2013

அன்புப் பேத்தி கார்முகிலுக்கு ஆயா அம்சவல்லி எழுதுவது.

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன்னைத் தனி அறையிலிருந்து விட்டுவிட்டார்கள் என்று காலையில் போனில் உன் குரலே சொல்லிவிட்டது. எனக்குத்தான் அழுகை முந்திக்கொண்டு பேச்சு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம், ஆய்வுக்கூடத்தில் கையுறை கிழிந்து, பிளேக் கிருமி பட்டிருக்குமோ என்று உன்னைத் தனி அறையில் வைத்திருப்பதாக உங்கப்பன் சொன்னான். அன்றைக்கே வாசலில் வேப்பிலை செருகிவிட்டேன். அம்மை கண்ட வீட்டில் செய்வதுதான் எனக்குத் தெரியும். தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. மாடி ரூமில் குடியிருக்கும் கம்பெனிப் பிள்ளைகள், என்னிடம்தானே சாப்பிடுகிறார்கள், பயந்துபோனார்கள். அவர்களில் மாசானம் படியிலேயே நின்று, யாருக்கு அம்மை, ஆச்சி என்றான். இங்க யாருக்கும் இல்லடா, வடக்க கீறாளே என் பேத்தி, அவளுக்குத்தான் என்றேன். "பேத்தி அங்கன, வேப்பிலை இங்கனயா? நாங்க என்ன செஞ்சோம், தாளிக்காத குழம்பு திங்கதுக்கு?" என்று சிரித்தான். ஆனாலும் ஷிப்ட் முடிந்து வந்து மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிகூட எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் நல்லா இருக்கணும்.

நீ இந்த வேலைக்குப் போனபோது, எலி நோயை எதுக்குடி வளர்க்கிற என்று சண்டை போட்டவள் நான். தட்டில் கிருமியை வளர்த்து, மருந்து நனைத்த சின்னக் காகிதப் பொட்டை வைத்தால், மருந்து கேட்கிற இடத்தில் கிருமி முளைக்காமல் வட்டம் விழும் என்று நீ சொன்னாய். ஐந்தாவதோடு நின்றவளுக்குப் பாதிதான் புரிந்தது. நீ சோதித்து, நல்ல வட்டம் விழுந்த அதே மருந்தைத்தான் உனக்கும் கொடுத்தார்கள் என்று கேட்டபோது மீதியும் புரிந்தது. நீ மாத்திரை விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவாராமே உங்கள் மேடம், அந்தப் புண்ணியவதிக்கு என் கும்பிடு.

உங்கம்மா வேலையை விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். நான் சொல்ல மாட்டேன். மாசானம் கம்பெனியில் ஓட்டை இருக்கிறதா என்று கையுறையில் காற்றடைத்துப் பார்த்துத்தான் மாட்டுவார்களாம். நீங்களும் அப்படி ஏதாவது செய்யுங்கள்.

உன் போன் வந்ததும் வேப்பிலையை எடுத்துவிட்டேன். மதியம் மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தேன். கடுகு வெடித்த சத்தத்துக்கு மாடியில் கைதட்டினார்கள்.

மகராசியாய் இரு. எந்தக் கையில் கையுறை கிழிந்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது இரண்டு கையையும் என்னிடம் கொடு.

உன் ஆயா
அம்சவல்லி