அந்த வீட்டு வரி

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

வீட்டு வரி பாக்கி என்று போன மாதம் ஜப்தி செய்த கிரைண்டர், பீரோ, தையல் மெஷின் எல்லாவற்றையும் நேற்று ஆபீஸ்காரர்கள் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். "தப்பு எங்க மேலதான்க்கா. இந்த வீட்டுக்குப் பாக்கியே இல்ல. வாலிநோக்கத்துல உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்குற வீட்டுக்குத்தான் பாக்கி. அங்கன எடுக்க வேண்டியத இங்கன எடுத்துட்டோம்" என்றார் கூட வந்த கிளார்க்.

வாலிநோக்கத்தில் உப்பளத்துக் கொட்டகையில்தான் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்வீர்கள். ஜப்தியை ரத்து செய்த தாளில் அது காங்கிரீட் வீடு என்று போட்டிருக்கிறது. குடியிருப்பவர் கனகலட்சுமியாம். வீட்டுக்குள்ளேயே குடிதண்ணீர்க் குழாய். நான் இங்கே இன்னும் தள்ளுவண்டியில் குடம் வைத்துத்தான் தண்ணீருக்குப் போகிறேன்.

அவளுக்குத் தலைமுடி நீளமா?

"எல்லாப் பொருளும் வந்துருச்சான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்கக்கா" என்றார் கிளார்க்.

"ஒண்ணு வரல" என்றேன்.

பதறிப்போய் லிஸ்டைப் புரட்டினார். "என்னக்கா வரல?"

"அது அந்த வீட்ல இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
ஓட்டு வீட்டுக்காரி