வளைவில்லாத ரோட்டில் ஒரு பதில் மணி

வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தே ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. நாங்கள் இப்போது சக்குபள்ளத்தில் இல்லை. அம்மா பிறந்த ஊருக்கே வந்துவிட்டோம். மாமா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அம்மா விடியற்காலையில் பால் சொசைட்டி வேலைக்குப் போய்விடுகிறாள். நான் ஒன்பதாம் வகுப்பு. ஆறு கிலோமீட்டர் தள்ளி, மலையாளக்கரைச் சித்தூரில் தமிழ் மீடியம் இருக்கும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறேன்.

என் சைக்கிளை அம்மா ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாள். சாவி அவளுடைய பர்ஸில் இருக்கிறது. பதினோரு நாள் ஆகிறது. அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏன் பூட்டினாள் என்று சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சக்குபள்ளத்தில் நம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஏழு வளைவு. உங்கள் ஜீப் ஒன்றுக்கே அகலம் காணாத ரோடு. ஒரு பக்கம் மண்திட்டு, மறு பக்கம் ஏலச்செடிச் சரிவு. புதிதாக வருகிறவர்கள் இதில் ஒரு பிள்ளை சைக்கிளில் போவதா என்று பதறுவார்கள். எனக்குப் பயம் இருந்ததே இல்லை. ஜீப் ஒரு ஹாரன் அடிக்கும். நான் மணி அடிப்பேன். எதிரே வரும் ஜீப் என்றால் மணி கேட்டதும் அங்கேயே நிற்கும். பின்னால் வரும் ஜீப் என்றால், நான் ஒதுங்க இடம் வரும் வரை மெதுவாக உருண்டு வரும். தோட்டத்து ஜீப்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கணக்கு தெரியும்.

“ஹாரன் கேள்விடா பாப்பா, மணி பதிலு. பதில் வந்தபெறவும் அவசரப்படுறவன் டிரைவரே இல்ல” என்பீர்கள்.

இங்கே வளைவே கிடையாது. வயலுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி ரோடு. அகலம், வழவழப்பு. முதல் நாள் பார்த்தபோது, ரெண்டு கையையும் விட்டு ஓட்டலாம் போல என்று சந்தோஷப்பட்டேன். காரில் வருகிறவர்களுக்கு என்னைத் தூரத்திலேயே தெரியும், தெரிந்தால் மெதுவாக வருவார்கள் என்று நினைத்தேன். தூரத்திலேயே தெரிந்துவிடுவதால் நான் ஒதுங்கிக்கொள்வேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எங்கே ஒதுங்குவது? தார் மேல் தார் போட்டு, ரோடு மண்ணை விட ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. வெள்ளைக் கோட்டுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே என் முழங்கை நீளம்தான் இருக்கும். அதற்குள்தான் நான் ஓட்ட வேண்டும். தவறி இறங்கினால் ஓட்டிக்கொண்டே மறுபடி ஏற முடியாது. காலையில் கள்ளு வண்டிகள் வேறு, புளிப்பதற்குள் தூரத்து ஊர்களுக்குப் போய்ச் சேரும் அவசரத்தில் பறக்கும்.

டவுனுக்குள் நுழைந்ததும் பயம் விட்டுவிடும். ஆட்டோவும் ஆளும் மாடும் நெருக்கியடிக்கும் இடத்தில் காரால் ஓட முடியாது. குமுளி கடைத்தெருவிலும் அப்படித்தானே? சுற்றுலா வண்டிகள் எனக்குப் பின்னால் வரிசையாக ஊர்ந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. எந்த ரோட்டில் எவ்வளவு பயம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நெரிசலான இடத்தில் குறைவாகவும் விசாலமான இடத்தில் அதிகமாகவும் இருக்கிறது. சமூக அறிவியல் டீச்சரிடம் காட்டலாம் என்று இருந்தேன்.

அதற்குள் அந்த வெள்ளைக் கார் வந்தது. பின்னால் ஹாரன். நான் பழக்க தோஷத்தில் மணி அடித்தேன். பதில் சொல்லியாகிவிட்டது, பொறுத்து வருவார்கள் என்று நேராகவே போனேன். பக்கக் கண்ணாடி முழங்கையில் தட்டியது. நானும் சைக்கிளும் புத்தகப் பையும் வயல் தண்ணீரில் கிடந்தோம். கார் கொஞ்சம் தள்ளி நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

“ஏம்புள்ள, ஹாரன் அடிச்சது காதுல உளுகலியா?”

“கேட்டுச்சு. அதுக்குத்தான் மணி அடிச்சேன்.”

“மணியடிச்சா? மணியடிச்சா நின்னு கும்படறதுக்கு இதென்ன கோயிலா?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அடி பெரிதில்லை அப்பா. பையிலிருந்த அகராதிதான் நனைந்து உப்பிவிட்டது. ‘ப’வும் ‘ம’வும் ஒட்டிக்கொண்டன.

அன்று சாயங்காலமே சங்கிலி வந்துவிட்டது. பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் “எஸ்.டி. மதி, மதி” என்று கண்டக்டர் கதவைச் சாத்திவிடுவார். மதி என்றால் போதும். எஸ்.டி. என்றால் நாங்கள்தான், சலுகைச் சீட்டுக்காரர்கள். இந்தப் பதினோரு நாளில் நான்கு நாள் முதல் பீரியடுக்குப் போக முடியவில்லை.

மாமா அம்மாவிடம் சொன்னார்: “ஏனக்கா, பக்கத்துல மலையாளப் பள்ளிக்கோடம் இருக்குதுல்ல. நடந்தே போயிக்கலாம். டி.சி. வாங்கிப் போடு.”

டி.சி.க்கு அம்மா எழுதிய விண்ணப்பம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. மலையாளம் எனக்குப் பேச வரும், சண்டை போடக்கூட வரும். ஆனால் பாடம் தமிழில் படித்தால்தான் எனக்கு உள்ளே போகிறது. இதைச் சொன்னால், “உசுரு இருந்தாத்தான கண்ணு படிப்பு” என்கிறாள் அம்மா.

அவள் மாமாவிடம் இன்னொன்றும் சொன்னாள். “எங்கூட்டுக்காரரு இத்தன வருசம் ஓட்டுனாரே, ஒரு சைக்கிள்காரன ரோட்ட உட்டு எறக்கியிருப்பாரா?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அப்பா, எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்பு. தோட்டத்துக்கு ஆள் ஏற்றக் கம்பத்துக்குப் போகும்போது என்னையும் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். குமுளி மலை இறங்கி, கடைசிக் கொண்டை ஊசி வளைவும் முடிந்து, ரோடு நேரானது. முன்னால் ஒரு பால்காரர், இரண்டு பக்கமும் கேன் தொங்க மிதித்துப் போனார். நீங்கள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கக்கூட முடியாமல் மண்ணில் இறங்கினார். சைக்கிள் சாய்ந்தது.

“சைடு குடுக்கத் தெரியாதவனெல்லாம் ரோட்டுக்கு வந்துர்றான்” என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் எது சொன்னாலும் சிரிக்கிற வயது. திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு கால் தாரிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றிருந்தார். கேனிலிருந்து வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

அவரும் மணி அடித்திருப்பாரோ? ஹாரன் சத்தத்தில் நமக்குக் கேட்காமல் போயிருக்குமோ? மேலே ஏழு வளைவிலும் எனக்காகக் காத்திருந்த நீங்கள், ரோடு நேரானதும் எங்கே போனீர்கள்? இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்களிடம்தான் கேட்க முடியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமாதான் வழி ஒன்று சொன்னார்: வாய்க்கால் மேட்டிலேயே போனால் பெரிய ரோடு கடைசியில் கொஞ்சம்தான் வரும் என்று. அம்மாவும் நானும் நடந்து பார்த்தோம். வாய்க்கால் பாலத்தில் ரோட்டில் ஏறினால் டவுன் கடைகள் ஆரம்பிக்கும் வரை நானூற்றுப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும், எண்ணிக்கொண்டே நடந்தேன். இருநூறு எண்ணும்போது ஒரு கார் உரசுகிற மாதிரிப் போனது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஒரு கால் தாரிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்றோம்.

“தெனமும் இவ்வளவு பக்கத்துலயா வர்றானுங்க?”

“ஆமாம்மா.”

திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: “மேட்டுல ஓட்டிக்க. பாலம் வந்தா எறங்கித் தள்ளீட்டுப் போகோணும். ஒரு எட்டுகூட ஏறி மிதிக்கக் கூடாது. எம்மேல சத்தியம்.”

சத்தியம் செய்துவிட்டேன். நாளைக் காலை சாவி தருவாள். விண்ணப்பம் இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் எட்டிப் பார்த்தேன். மழை பிடித்தால் வாய்க்கால் மேடு வழுக்கும். அப்போது என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போதைக்கு என் பள்ளிக்கூடம் அந்த நானூற்றுப் பன்னிரண்டு எட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சைக்கிள் இருந்தும் நடப்பேன்.

ஒரு நாள் நானும் கார் ஓட்டுவேன் அப்பா. நேரான ரோட்டில், முன்னால் ஒரு சைக்கிள் போனால், ஒரே ஒரு ஹாரன் அடிப்பேன். பதில் மணி கேட்கும் வரை, அவர் ஒதுங்க இடம் வரும் வரை, பின்னாலேயே உருண்டு வருவேன். மணியே இல்லாத சைக்கிளாக இருந்தாலும் வருவேன். உங்கள் பங்குக்கும் சேர்த்துத்தான் இந்தச் சத்தியம்.

முன்சீட்டில் சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்த
உங்கள் மகள்,
பாப்பா