பெரிய கதவு எது

உருத்திரபுரம்
ஆவணி 12

அன்பு மருமகள் தேனுகாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று முதலே சொன்னவன் நான். உன் கேர்னல் வேலை, கம்ப்யூட்டரின் அடியில் ஓடுகிற நிரல் எழுதுகிறது, வீட்டு அத்திவாரம் மாதிரி, கீழே பிழை விட்டால் மேலே எல்லாம் பிழைதான் என்று அன்றே சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கொம்மா சுகம். உன்னைப் பெற்றவளுக்கு முழங்கால் நோவுதான் குறையவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றாலும், நீ சொன்ன மக்ரோவை ஒரே தரத்தில் பிடித்துவிட்டேன். நீளமான கட்டளைக்கு ஒரு சின்னப் பெயர். பொதுக் கோப்பில் வைத்தால் எல்லோரும் எடுத்துப் பாவிப்பார்கள். உன் பகுதியை மட்டும் நினைத்து வெறுமனே ‘ரெடி’ என்று வைத்தாய். புதிதாக வந்த பிரியந்தினி அதை நம்பித் தன் பகுதியிலும் போட்டாள். அங்கே அது பொருந்தாத கட்டளை, இயந்திரங்கள் நின்றன. இப்போது வேலை போகப்போவது அவளுக்கு.

“பெயர் வைத்தது நான் என்று சொல்லட்டோ?” எனக் கேட்டாய். வாயைப் பொத்து என்றேன். பிழைவிட்டவன்தான் பழி சுமக்கவேணும் என்று எங்கள் ஊர்ச் சின்னராசாவின் கதையையும் சொன்னேன். அதைத் திருத்தவே இந்தக் கடிதம். போனில் கதைத்தால் கொம்மா பக்கத்தில் இருந்து கேட்பா.

கமக்கார அமைப்பில் வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற முறை அட்டவணை எழுதியவன் நான். என் கையெழுத்தைப் பார்த்து எஞ்சினியரே படம் எடுத்துக்கொண்டு போனவர். அதில் “வெள்ளி: பெரிய கதவு” என்று எழுதினேன். எனக்கு அது பாலத்தடிக் கதவு. கீழ்க்காணிக்காரருக்கு முதலாம் வாய்க்கால் கதவு. தண்ணீர் திறக்கிற சின்னராசா கீழ்க்காணிக்காரன். அட்டவணையோடு வந்து, “எந்தப் பெரிய கதவு, அண்ணை?” என்று கேட்டான். நாலு பேர் இருந்த இடம். “அது தெரியாதவனுக்கு ஏன் இந்த வேலை?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தனக்குத் தெரிந்த கதவைத் திறந்தான். அந்த வாய்க்காலடியில் அறுக்க நின்ற கொம்மாவின் நெல் மூன்று ஏக்கரும் தண்ணீரில் சாய்ந்தது.

அவனை நிறுத்தினார்கள். இப்போது புளியங்குளத்தில் லொறிக்குக் கல் ஏற்றுகிறான். அவன் பெண்சாதி சிவலட்சுமியைச் செத்தவீட்டில் கண்டாலும் கொம்மா முகம் திருப்புகிறா. பிறகு கதவுகளுக்கு இலக்கம் போட்டதும் நான்தான். றோட்டில் நின்றே வாசிக்கலாம், அவ்வளவு வடிவான எழுத்து.

பிள்ளை, அந்தப் பெயரை மாற்று. எந்தப் பகுதிக்கு, என்ன செய்ய என்று பெயரே சொல்லட்டும், நீண்டாலும் பரவாயில்லை. பழைய பெயரை வைத்தது நீதான் என்று எழுதிக் கொடு, பிரியந்தினியின் வேலை போகமுதல். பிள்ளையார் உன்னோடு நிற்பார். கொம்மாவுக்கு இதைச் சொல்லாதே.

சின்னராசா அன்று வெறியில் நின்றவன் என்று கூட்டத்திலும் சொன்னேன், உனக்கும் சொன்னேன். அவன் குடிக்கிறவன் இல்லை. அந்தக் கதையை நான்தான் கட்டினேன்.

உன் மாமா,
வீரகத்தி